வால்யூம் இல்ல பாஸ்... அது கெய்ன்!

ஞாயித்துக்கிழமை காலை. சுத்துக்கேணியில் ஒரு வேப்ப மரத்தடி. அண்ணன் வாடகைக்கு ஓட்டும் செகண்ட் ஹேண்ட் கார் நிற்கிறது. டிக்கியைத் திறந்தால் பளபளன்னு ஒரு 12 இன்ச் சப்-வூஃபர். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். முகூர்த்த நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தியில் சாம்பார் வாளி தூக்கி நீங்க சேர்த்த காசு அது. மாட்டிக் கொடுத்த கடைப் பையன் கிளம்பும்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஆம்ப்ளிஃபயரில் இருந்த எல்லாத் திருகையும் வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு, 'இப்ப கேளு மச்சி!' என்றான்.

கேட்டீங்க. நம்பர் பிளேட் தடதடத்தது. எதிர்வீட்டுப் பாத்திரம் ஆடியது. தெருப் பசங்க கூடிட்டாங்க. நீங்கதான் அன்னிக்கு ஹீரோ!

மூணாவது வாரம். டிக்கியிலிருந்து ஏதோ கருகும் வாசனை. அப்புறம் 'கர்ர்ர்'. அப்புறம் ஒண்ணுமே இல்லை. மூணு மாச சாம்பார் வாளி... காலி!

இது உங்க கதையாக இருக்கலாம். பக்கத்து பெஞ்ச் நண்பன் கதையாக இருக்கலாம். ஸ்பீக்கர் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னாடி ஒரு விஷயம். கொன்றது ஸ்பீக்கரின் தரம் இல்லை, அந்த ஸ்க்ரூ டிரைவர்தான்! ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் குமிழ்கள் எதுவும் சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை. ஒவ்வொன்றும் 'எங்கே நிறுத்தணும்' என்று சொல்வதற்கு இருக்கிறது. அதைப் புரிஞ்சுக்கிட்டா, அரை நாளில், கடைப் பையன் தயவே இல்லாமல் நீங்களே செட் பண்ணிடலாம். ரெடியா?

வாய்க்கால் சொல்லும் பாடம்

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ஊர் பெயரிலேயே ஒரு வாய்க்கால் இருக்கு. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகும் சுத்துக்கேணி வாய்க்கால். இப்ப ஆறுதான் உங்க காரின் ஸ்டீரியோ என்று வெச்சுக்குங்க. வாய்க்கால்தான் ஆம்ப்ளிஃபயர். ஏரி, ஸ்பீக்கர். எந்த வாய்க்காலுக்கும் தலைமாட்டில் ஒரு மதகு வேணுமே... அதுதான் 'கெய்ன்' குமிழ்!

ஆற்றில் தண்ணீர் கம்மியாக வந்தால் மதகை அதிகம் திறக்கணும். வெள்ளமாக வந்தால் கொஞ்சமாகத் திறக்கணும். ரெண்டு நாளும் நோக்கம் ஒண்ணுதான். வாய்க்கால் கரை தொட ஓடணும், கரை உடையக் கூடாது. வெள்ளம் வந்த அன்னிக்கு மதகை முழுசாகத் திறந்தால் ஏரிக்குக் கூடுதல் தண்ணீர் போகாது. கரைதான் போகும்.

சில ஸ்டீரியோக்கள் ஆம்ப்ளிஃபயருக்கு 2 வோல்ட் சிக்னல் அனுப்பும். சில, 4 அல்லது 5 வோல்ட். கெய்ன் குமிழின் ஒரு முனையில் 6 வோல்ட் என்றும் மறுமுனையில் 0.2 வோல்ட் என்றும் தலைகீழாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. 'என்னடா இது, கூட்டக் கூட்ட நம்பர் குறையுது?' என்று குழம்ப வேண்டாம். வருகிற சிக்னல் சின்னதாக இருந்தால் மதகை அதிகம் திற, பெரிசாக இருந்தால் குறை. அவ்வளவுதான். சத்தம் கூட்டும் குமிழ் ஸ்டீரியோவில்தான் இருக்கு. இது ஆற்றையும் வாய்க்காலையும் பொருத்தும் குமிழ்.

கரை உடைந்தால் என்ன ஆகும்? ஃபிசிக்ஸ் கிளாஸில் பார்த்த சைன் அலையை நினைச்சுக்குங்க. அழகான மேடு, அழகான பள்ளம். ஆம்ப்ளிஃபயர் தன்னால் முடிந்த வோல்டேஜுக்கு மேல் போக முடியாதபோது, அந்த மேட்டின் தலையை வெட்டித் தட்டையாக்கிவிடும். இதுக்குப் பெயர் 'கிளிப்பிங்'. அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால், அதே உயரத்தில் இருந்த சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தி ஸ்பீக்கருக்குள் போகும். 300 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் 600 வாட்ஸ் வரை தள்ளும் என்று அர்த்தம். அத்தனையும் சுருளில் சூடாக மாறும். நீங்க மோந்த கருகல் வாசனை அதுதான்.

பெட்டி மேல போட்டிருப்பதை நம்பாதீங்க

செட்டிங்குக்கு முன்னாடி ஒரு கணக்கு. 'மேக்ஸ் 1500 வாட்ஸ்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் மேல 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டார்களே, அதோட தம்பிதான் இது. நமக்கு வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண். மேனுவலின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளிஞ்சிருக்கும்.

உதாரணம் வேணுமா? சாதாரண ஸ்டீரியோ மேல '4 x 50 வாட்ஸ்' என்று இருக்கும். பேட்டரி கொடுப்பதோ இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 14 வோல்ட்டை வைத்து சுத்தமான சைன் அலையில் 25 வாட்ஸ் பக்கம்தான் எடுக்க முடியும். நடைமுறையில் 20 வாட்ஸே பெரிசு. தனி ஆம்ப்ளிஃபயர் எதுக்கு என்ற கேள்விக்கும் இதுதான் பதில். அது உள்ளே வருகிற 12 வோல்ட்டை மேலே ஏற்றிக்கொண்டு வேலை பார்க்கிறது.

முதல்ல வயர், அப்புறம்தான் குமிழ்

ஃபியூஸ்: பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆகணும். வழியில் எங்காவது தகரம் உரசி வயர் தோல் கிழிஞ்சு ஷார்ட் ஆனால், கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். வயர் பழுக்கும். மேல் மேட் பத்திக்கும். அண்ணனோட பிழைப்பே அந்தக் கார்தான் என்பதை மறந்துடாதீங்க. கடையில் 'ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கு தம்பி' என்று சொன்னால் தலையாட்டாதீங்க. அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும், நடுவில் இருக்கும் வயரைக் காப்பாற்றாது.

வயர்: 300 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் 27 ஆம்பியர் பக்கம் இழுக்கும். மேலே பிளாஸ்டிக் தடியாகவும் உள்ளே கம்பி ஒல்லியாகவும் இருக்கும் வயர்கள் மார்க்கெட்டில் உண்டு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினதும் உண்டு. வாங்கும்போது நுனியை வெட்டிப் பார்த்து வாங்குங்க. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

எர்த்: நெகட்டிவ் வயர் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்கணும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று தெரியும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்கணும். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஊய்ய்ய்ங்' என்று ஒரு சத்தம் ஏறுதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை. இல்லைன்னா சிக்னல் கேபிளும் பவர் வயரும் ஒட்டி உறவாடிக்கிட்டு ஓடுது. ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம் என்று பிரிச்சுவிடுங்க.

ரிமோட் வயர்: ஸ்டீரியோவிலிருந்து வரும் நீல-வெள்ளை வயர். ஸ்டீரியோ ஆன் ஆனால் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும். இதை நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் ராத்திரியெல்லாம் தூங்காது. காலையில் கார் எழுந்திரிக்காது!

உள்ளே வரும் வழி ரெண்டு

ஆம்ப்ளிஃபயருக்குள் சிக்னல் நுழைய ரெண்டு வாசல். ஒண்ணு 'ஆர்.சி.ஏ.'. பழைய டி.வி.டி. பிளேயர் பின்னாடி சிவப்பு, வெள்ளை என்று சொருகுவோமே, அதேதான். ஸ்டீரியோவின் முதுகில் இந்த அவுட் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்க. சுத்தமான சத்தம்.

கம்பெனி ஸ்டீரியோவில் பல நேரம் இது இருக்காது. அப்போதான் ரெண்டாவது வாசல், 'ஹை லெவல் இன்புட்'. ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து இதில் கொடுக்கலாம். உங்க ஆம்ப்ளிஃபயரில் அந்த வாசல் இல்லையா? நடுவில் ஒரு 'ஹை-லோ கன்வெர்ட்டர்' டப்பா போடணும். ஸ்பீக்கர் வயரை அப்படியே வெட்டி ஆர்.சி.ஏ. பின்னில் முறுக்கிவிடும் மகானுபாவர்கள் இருக்காங்க. ப்ளீஸ், வேண்டாம். அது குடிநீர்க் குழாயில் மோட்டார் பம்பு தண்ணியை விடுற கதை. ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் மைனஸ் வயரை எர்த்தில் சேர்ப்பதும் கூடாது. ஸ்டீரியோவே போயிடும்.

யாருக்கு என்ன வேலை?

அடுத்து 'கிராஸ்ஓவர்'. கல்யாணப் பந்தியில் பரிமாறின உங்களுக்கு இது ஈஸி. சாதத்துக்கு ஒருத்தர், கூட்டுக்கு ஒருத்தர். ரெண்டு பேரும் ஒரே இலையில் ஒரே நேரத்தில் குனிஞ்சா முட்டிக்குவாங்க இல்லையா?

கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிடம் கனமான பேஸைக் கொடுத்தால் அது திணறும். பெரிய வூஃபரிடம் பாடகர் குரலைக் கொடுத்தால் டிக்கிக்குள் யாரோ முனகுற மாதிரி கேட்கும். அதனால் சப்-வூஃபர் சேனலில் 'எல்.பி.எஃப்.' போட்டு 80 ஹெர்ட்ஸில் வையுங்க. 80-க்குக் கீழே இருக்கிறது மட்டும் அதற்குப் போகும். கதவு ஸ்பீக்கர் சேனலில் 'ஹெச்.பி.எஃப்.' போட்டு அதே 80. கதவில் இருப்பது 4 இன்ச் குட்டி ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120 வரை ஏற்றலாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். அது வூஃபரின் வேலை. ஆண் குரலின் அடித்தளமே 100 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அது கதவுக்காரர் வேலை.

உங்க வூஃபர் பெட்டியில் ஓட்டை இருந்தால் 'சப்சானிக்' என்று ஒரு குமிழையும் பாருங்க. 25-லிருந்து 30 ஹெர்ட்ஸுக்குள் வையுங்க. காதுக்கே கேட்காத ஆழத்தில் கோன் சும்மா முன்னும் பின்னும் துள்ளிக் கிழியாமல் அது தடுக்கும்.

மெயின் மேட்டர்: கெய்ன் செட் பண்றது எப்படி?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒண்ணு போதும். ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கடன் கேளுங்க. சென்னை போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாக வாங்கலாம்.

1. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்க. மூடின ஷெட்டில் கூடவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

2. ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்ஜியம். 'லவுட்னெஸ்' ஆஃப். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் பூஸ்ட் பூஜ்ஜியம். கெய்ன் குறைந்தபட்சம். செல்போனில் பாட்டு போடுபவர் என்றால் போன் வால்யூம் ஃபுல், போனில் இருக்கும் ஈக்வலைசர் ஆஃப்.

3. ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிடுங்க.

4. வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரெண்டில் யாருடைய ஆர்.எம்.எஸ். குறைவோ அதுதான் கணக்கு. 300 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 1200. அதன் வர்க்கமூலம் 34.6 வோல்ட். அதே 300 வாட்ஸ் 2 ஓம்ஸில் என்றால் 24.5. கதவு ஸ்பீக்கர் 50 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 14.1.

5. பூஜ்ஜியம் டெசிபலில் பதிவு செய்த டெஸ்ட் டோன் ஒன்றை ஓடவிடுங்க. வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவுக்கு 400 ஹெர்ட்ஸ். விலை குறைந்த மீட்டர்கள் இதற்கு மேல் போனால் தப்பாகக் காட்டலாம்.

6. ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்க. மொத்தம் 40 என்றால் 30.

7. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொடுங்க. ரெண்டு முள்ளும் ஒண்ணோடொண்ணு உரசக் கூடாது. கெய்னை எறும்பு ஊர்வது போல ஏற்றுங்க. நம்ம கணக்கு வோல்ட் வந்ததா? ஸ்டாப்! ஸ்க்ரூ டிரைவரை உறையில் போடுங்க.

முடிஞ்சது. இனி அந்த 30-தான் உங்க லட்சுமணக் கோடு. இ.சி.இ. படிக்கிற மக்களே, உங்களுக்கு இன்னும் ஒரு படி மேல சான்ஸ் இருக்கு. லேப்பில் தூங்கும் சி.ஆர்.ஓ.வில் இதே அவுட்புட்டைப் பார்க்கலாம். சைன் அலையின் தலை தட்டையாகும் கணம் கண்ணுக்கு முன்னாடி தெரியும். மீட்டர் அளவைச் சொல்லும், அலை வெட்டுப்படுவதைச் சொல்லாது. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கொண்டுபோய் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் காட்டுங்க. சார்கூட ஆர்வமாகிவிடுவார்!

வில்லன் பெயர் பேஸ் பூஸ்ட்

இந்தக் குமிழைப் பார்த்தால் எல்லோருக்கும் கை அரிக்கும். கணக்கைப் பார்த்தால் அரிப்பு போயிடும். 3 டெசிபல் கூட்டினால் சக்தி இரண்டு மடங்கு. 6 என்றால் நான்கு. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் 16 மடங்கு! 20 வாட்ஸ் கேட்ட இடத்தில் திடீரென்று 320 வாட்ஸ் கேட்கும். 300 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் எங்கே போகும்? கரை உடையும். ஆக, அது பூஜ்ஜியத்திலேயே இருக்கட்டும். 'கொஞ்சமாச்சும் வேணும் பாஸ்' என்பவர்கள் பூஸ்ட்டை வைத்தபிறகு கெய்னை மறுபடி முதலிலிருந்து செட் பண்ணணும்.

பேஸ் பத்தலைன்னா வேற வழி இருக்கு. 'ஃபேஸ்' சுவிட்ச். 0, 180 என்று இருக்கும். நீங்க டிரைவர் சீட்டில் உட்காருங்க. தம்பியை டிக்கியில் நிற்கவைத்து சுவிட்ச்சை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்க. எதில் பேஸ் நிறைவாகக் கேட்குதோ அங்கேயே விடுங்க. கதவு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது வூஃபர் உள்ளே இழுத்தால் ரெண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பேஸ் இது.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

காரில் பாட்டு என்பது 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் கொண்டுவந்த கார் ரேடியோவால் பிரபலமானது. 'மோட்டார்' என்ற சொல்லோடு சேர்த்து அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. அடுத்த பெரிய தாவலுக்குக் காரணம் ஒரு வங்காளியின் மகன். எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ். 1983 மாடல் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து அவர் கம்பெனி ஒரு சிஸ்டம் செய்தது. அவங்க பார்த்த கோணம் வேற. காரின் கண்ணாடி, சீட், கதவு எல்லாம் சத்தத்தை எப்படி மாற்றுது என்று அளந்து, அந்தந்தக் காருக்கு ஏற்ற மாதிரி டியூன் பண்ணினாங்க. நீங்க வேப்ப மரத்தடியில் மீட்டரோடு செய்வதும் சின்ன அளவில் அதேதான்.

காதும் ஊரும்

ஸ்பீக்கர் போனால் திரும்ப கேட்டரிங் போய் வாங்கிடலாம். காது? உள்காதில் இருக்கும் மயிரிழை செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிஷம், ஒரு வாரத்துக்கு! காரிலிருந்து இறங்கினபிறகு காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அது பாட்டு இல்லை பாஸ், எச்சரிக்கை.

ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஸ்கூல், ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஊசுட்டேரிக் கரையில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்து போடும் ஆசை வருதா? 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. வருகிற பறவைங்க உங்க ப்ளே லிஸ்ட்டைக் கேட்க வரலை!

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மணிக்கணக்கில் போடுவதும் வேண்டாம். சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணிதான். சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் ரெண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. அப்புறம் விடியற்காலை ஏர்போர்ட் சவாரிக்கு அண்ணன் சாவியைத் திருகும்போது 'டிக்... டிக்...' என்று மட்டும் கேட்கும். அந்த மியூசிக்குக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

இப்ப மறுபடி அந்த வேப்ப மரத்தடி. புது வூஃபர். கெய்ன் பாதிக்குக் கீழே. பூஸ்ட் பூஜ்ஜியம். கதவைச் சாத்திட்டு ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போடுங்க. வயலின்களுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாதையில் நடந்து போவது முதல் தடவையாகக் கேட்கும். நம்பர் பிளேட் தடதடக்காது. தெருப் பசங்க கூட மாட்டாங்க. ஆனா, பின் சீட்டில் கோயிலுக்குப் போகிற பாட்டி, 'பாட்டு நல்லாருக்குடா, நிறுத்தாத' என்று சொல்வாங்க பாருங்க...

அதுதான் பாஸ், ரைட் செட்டிங்!